வீட்டுப் பட்டறையில் கூலன்ட்: தோலுக்கும் நெஞ்சுக்கும் வரும் வருத்தங்கள்

இந்தப் பக்கத்தில் நீரிழிவு, கொலஸ்திரோல், முழங்கால் நோ என்று எழுதிவந்த நாம் இம்முறை உங்களுடைய கராஜுக்குள் வரப்போகிறோம். "டொக்டருக்கு லேத் மெஷினோடு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

எமது சங்கத்து அங்கத்தவர்களில் ஊரில் பொறியியலாளராக, தொழில்நுட்ப உத்தியோகத்தராக, மெக்கானிக்காக இருந்தவர்கள் பலர். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டறையில் கை பழகியவர்களும் அவர்களுள் அடங்குவர். இங்கிலாந்துக்கு வந்தபின் பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் முப்பது வருடம் நின்றுவிட்டு, ஓய்வு கிடைத்ததும் பழைய தொழிலைத் தேடிப் போகிறார்கள். நொட்டிங்காமுக்குப் பக்கத்தில் பீஸ்டனில் ஒரு காலத்தில் செய்யப்பட்ட மைஃபோர்ட் லேத் ஒன்று கைமாறிக் கிடைக்கும். அல்லது சீனாவில் செய்த சிறிய லேத் ஒன்று பெட்டியில் வந்து இறங்கும். கோவில் தேர்ச் சில்லுக்கு ஒரு பித்தளைப் புஷ், பேரப்பிள்ளைக்கு ஒரு சின்ன நீராவி எஞ்சின் என்று வேலை தொடங்கும். மனதுக்கு இதைவிட நல்ல மருந்து எம்மிடம் இல்லை. ஆகவே லேத்தை விற்றுவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. லேத்துக்குக் கீழே உள்ள தாங்கியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம்.

கூலன்ட் எதற்கு?

இரும்பை வெட்டும்போது வெட்டும் ஆயுதத்தின் நுனி கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டைக் குறைக்கவும், உராய்வைத் தணிக்கவும், வெட்டி விழும் சுருள்களைக் கழுவித் தள்ளவும் ஒரு திரவத்தை ஊற்றுகிறோம். அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்பவர் 1880களில் மிட்வேல் உருக்குத் தொழிற்சாலையில் செய்த சோதனைகளில், ஆயுத நுனியில் தாராளமாகத் தண்ணீர் ஓடவிட்டால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 வீதம்வரை கூட்டலாம் என்று கண்டார். தண்ணீர் கறள் பிடிக்க வைக்கும் என்பதால் அதில் சோடா கரைத்தார்கள். பிறகு சவர்க்காரமும் எண்ணெயும் சேர்ந்தன. இன்றைக்கும் இங்குள்ள பழைய தொழிலாளர்கள் கூலன்டை "சட்ஸ்", அதாவது சவர்க்கார நுரை என்று அழைப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது: டெய்லருக்கு வேண்டியிருந்தது வேகம். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் பொருள் செய்யும் தொழிற்சாலைக்கு 30 வீதம் என்பது பெரிய காசு. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒரு புஷ் கடைபவருக்கு அந்த அவசரம் இல்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, தூரிகையால் நாலு சொட்டு எண்ணெய் தடவினால் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். கூலன்ட் தெரிவில் எமது முதல் ஆலோசனை இதுதான். ஏன் என்பதற்கான விளக்கம்தான் மீதிக் கட்டுரை.

கடையில் கிடைப்பவை நாலு வகை. முதலாவது தண்ணீர் கலக்காமல் அப்படியே பாவிக்கும் வெட்டு எண்ணெய். இரண்டாவது தண்ணீரில் விட்டால் பால்போல் வெள்ளையாகும் கரையும் எண்ணெய். மூன்றாவது எண்ணெய் குறைத்து இரசாயனம் கூட்டிய அரைச் செயற்கைத் திரவம். நாலாவது எண்ணெயே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த முழுச் செயற்கைத் திரவம். பின்னைய மூன்றிலும் தொட்டியில் இருப்பதில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். நெஞ்சு வருத்தத்தின் கதை அந்தத் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

பழைய காலத்துப் பயம்

முதலில் புற்றுநோயைப் பற்றி, ஏனென்றால் இணையத்தில் வாசித்துவிட்டு அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். லங்காஷயர் பருத்தி ஆலைகளில் நூற்கும் இயந்திரங்களின் எண்ணெய் காற்சட்டையில் ஊறி ஊறி, தொழிலாளருக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வந்தது. பின்னர் லேத் வேலை செய்தவர்களிடமும் அது காணப்பட்டது. பேர்மிங்காம் பகுதியில் திருகாணித் தொழிற்சாலையொன்றில் சுமார் 15 வருடம் எண்ணெய் வழியும் இயந்திரங்களின் மேல் சாய்ந்து வேலைசெய்த ஒருவர் அந்த நோயால் 1966இல் இறந்தார். அவரது மனைவி வழக்குப் போட்டார். 1968இல் வந்த தீர்ப்பு எம்மைப்போன்ற வைத்தியர்கள் இன்றும் படிக்க வேண்டியது. அத்தொழிற்சாலையின் வைத்தியருக்கு இந்த ஆபத்துத் தெரிந்திருந்தும், அவர் தொழிலாளருக்கு அதை எடுத்துச் சொல்லவில்லை, காலத்துக்குக் காலம் பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்யவில்லை என்பதால் நிர்வாகமே பொறுப்பு என்று நீதிபதி தீர்மானித்தார்.

அந்தக் காலத்து எண்ணெய் சரியாகச் சுத்திகரிக்கப்படாதது. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அத்தகைய எண்ணெயை மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. இன்று நல்ல கம்பனிகள் விற்கும் நன்கு சுத்திகரித்த எண்ணெய் அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே புதிய பேணிக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பழைய பேணிக்கு. பாவித்த லேத்தோடு சேர்த்து, பெயர்த்துண்டு உரிந்துபோன பேணிகளையும் சிலர் இலவசமாகத் தருவார்கள். நைட்ரைட் சேர்த்த பழைய கூலன்ட்களில் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய நைட்ரோசமின்கள் உண்டாவது 1970களில் கண்டறியப்பட்டது. பழைய மரை வெட்டும் திரவங்களில் 1,1,1-ட்ரைகுளோரோஈத்தேன் இருந்தது. ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையால் அது கைவிடப்பட்டது. என்ன என்று தெரியாத பேணியை மூடியபடியே கவுன்சிலின் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

இன்னொன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியபோது, லேத் பட்டறைகளில் வாகனத்திலிருந்து இறக்கிய கறுத்த கழிவு ஒயிலைத்தான் வெட்டுமிடத்தில் விட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கைப்பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிந்த ஒயிலில் புற்றுநோய் விளைவிக்கும் பல்வளைய ஐதரோகாபன்கள் சேர்ந்திருக்கும். இங்கே ஒரு லீற்றர் நல்ல வெட்டு எண்ணெய் வாங்க எல்லோராலும் முடியும். கழிவு ஒயிலை விட்டுவிடுங்கள்.

தாங்கிக்குள் வளரும் குளம்

இப்போது தண்ணீர் கலந்த கூலன்டுக்கு வருவோம். எண்ணெய், நைதரசன் சேர்வைகள், வெதுவெதுப்பான தண்ணீர், இரும்புத் துகள்: பக்ரீரியாவுக்கு இது கலியாண வீட்டுச் சாப்பாடு. தொழிற்சாலையில் பம்பி ஓடிக்கொண்டே இருப்பதால் ஓரளவு காற்றாவது கலக்கும். வீட்டில் என்ன நடக்கிறது? சனிக்கிழமை ஓடுகிறது. பிறகு ஆறு நாள், சில வேளை ஆறு மாதம், அப்படியே கிடக்கிறது. இயந்திரத்திலிருந்து கசியும் மசகு எண்ணெய் மேலே படலமாக மூடிக்கொள்ள, கீழே காற்றுப் போகாது. காற்றில்லாமல் வாழும் பக்ரீரியாக்கள் பெருகி ஐதரசன் சல்பைட்டை விடுகின்றன. கராஜ் கதவைத் திறந்ததும் வரும் அழுகிய முட்டை மணம் அதுதான். தொழிற்சாலைகளில் அதற்குத் "திங்கட்காலை மணம்" என்றே பெயர்.

மணம் மட்டுமென்றால் சகிக்கலாம். லேத் சுழலும்போது அந்தத் தண்ணீர் மிக நுண்ணிய திவலைகளாகிக் காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புகாரில் உயிருள்ள கிருமி, செத்த கிருமியின் துண்டுகள், அவை விட்ட நச்சுப்பொருள், கிருமிநாசினி எல்லாம் இருக்கும். அதை மூச்சோடு இழுக்கும் சிலருக்கு ஆஸ்துமா, எமது பேச்சில் முட்டு, வருகிறது. வேறு சிலருக்கு நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளே அழற்சியடைகின்றன. அதியுணர்திறன் நுரையீரல் அழற்சி என்று அதைச் சொல்வோம். வைக்கோலில் வேலைசெய்யும் கமக்காரருக்கும் புறா வளர்ப்பவருக்கும் வருகிற அதே வகை நோய்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் பேர்மிங்காம் லோங்பிரிட்ஜில் கார் எஞ்சின் செய்யும் தொழிற்சாலையொன்றில் இது பெரிய அளவில் வெளிப்பட்டது. 800க்கு மேற்பட்டோர் வேலைசெய்த இடத்தில் 87 பேருக்கு வேலையால் வந்த நுரையீரல் நோய் இருந்ததாக வைத்தியர்கள் கண்டார்கள். பெரும்பாலானோருக்கு ஆஸ்துமா, 19 பேருக்கு மேலே சொன்ன நுரையீரல் அழற்சி. அமெரிக்காவில் நடந்த சில சம்பவங்களில், காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான ஒரு மைக்கோபக்ரீரியம் கூலன்டில் இருந்தது. உடனே பதற வேண்டாம். இது காசநோய் இல்லை, வீட்டில் மற்றவருக்குத் தொற்றாது.

சனிக்கிழமைக் காய்ச்சல்

எம்மிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவரது அனுமதியோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 68. புகைப்பதில்லை. இருமலும் காய்ச்சலும் என்று ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எடுத்திருந்தார். வைத்தியரிடம் வரும் நாள் புதனோ வியாழனோ. அன்று நெஞ்சில் ஒரு சத்தமும் இராது, எக்ஸ்ரேயும் சுத்தம். கூட வந்த மனைவிதான் கதையைத் திருப்பினார்.

"டொக்டர், இவருக்குச் சனிக்கிழமை இரவுதான் குளிர்ந்து காய்ச்சல் வருது. ஞாயிறு முழுக்க உடம்பு உளைவு, இருமல். திங்கள் எழும்பினால் ஒண்டும் இல்லை. நானும் சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் எரிச்சுப் பார்த்திட்டன்."

சனிக்கிழமை பகலில் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டோம். "சும்மாதான், கராஜில் லேத்தோட கொஞ்சம் மினக்கெடுவன்" என்றார். கூலன்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, வாங்கிய நாளிலிருந்து தண்ணீர்தான் விட்டு நிரப்புவதாகச் சொன்னார். வாங்கி நாலு வருடம்.

வேலையால் வரும் நெஞ்சு நோயைப் பிடிக்க வைத்தியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "லீவு நாளில் சுகமாக இருக்கிறதா?" என்பது. தொழிற்சாலைத் தொழிலாளி வாரத்தில் வருந்தி வார இறுதியில் தேறுவார். வீட்டுப் பட்டறைக்காரருக்கு இது தலைகீழ். வாரம் முழுக்கச் சுகம், வார இறுதியில் வருத்தம். ஓய்வு பெற்றவர் என்று கோப்பில் எழுதியிருந்தால் தொழில் பற்றி யாரும் கேட்கவும் மாட்டார்கள். வேலை செய்து 4 முதல் 8 மணித்தியாலம் கழித்தே காய்ச்சல் வருவதால் நோயாளிக்கே தொடர்பு தெரிவதில்லை. பகல் இரண்டு மணிக்கு லேத், இரவு எட்டு மணிக்கு நடுக்கம். நடுவில் சாப்பிட்ட மீன்குழம்பின் மேல் பழி விழும்.

அவரை நெஞ்சுச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினோம். சி.ரி. ஸ்கானிலும் சுவாசப் பரிசோதனையிலும் நோய் உறுதியானது. தாங்கியை வெறுமையாக்கித் துப்புரவு செய்ததும் சனிக்கிழமைக் காய்ச்சல் நின்றது. ஆனால் படியேறும்போது வரும் இளைப்பு முழுவதும் போகவில்லை. அழற்சி நீண்டகாலம் நீடித்தால் நுரையீரலில் தழும்பு விழும், அந்தத் தழும்பு ஆறாது. இன்றும் அவர் லேத் வேலை செய்கிறார், தூரிகையும் ஒரு சிறு போத்தல் எண்ணெயுமாக.

எந்த உலோகத்துக்கு என்ன?

வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம். அதற்குள் இருக்கும் பென்சிற்கரியே மசகு வேலையைச் செய்யும். தூளை மட்டும் மூச்சோடு இழுக்காமல், வக்கியூம் கிளீனரால் எடுங்கள். பித்தளையும் பொதுவாக உலர்ந்தபடியே நன்றாக வெட்டும். சாதாரண உருக்குக்குத் தண்ணீர் கலக்காத வெட்டு எண்ணெயைத் தூரிகையால் தடவினால் போதும். கந்தகம் சேர்த்த எண்ணெய் உருக்குக்கு மிக நல்லது, ஆனால் செம்பையும் பித்தளையையும் கறுப்பாக்கிவிடும். ஆகவே தேர்ச் சில்லுப் புஷ்ஷுக்கு அது வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு பிடிவாதக்காரன். தடித்த எண்ணெய், குறைந்த வேகம், கூரான ஆயுதம் மூன்றும் வேண்டும். மரை வெட்ட, அதற்கென விற்கும் பசை ஒரு சிறு டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

அலுமினியம் ஆயுதத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இங்கே பரபின் என்று விற்கும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவது பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் குளிர்கால கராஜில் பக்கத்தில் ஹீற்றர் சிவந்து எரிய மண்ணெண்ணெய் வேலை வேண்டாம். ஸ்பிரே பேணியால் அடிப்பதைவிட, திரவமாக வாங்கித் தூரிகையால் தடவுவது நெஞ்சுக்கு நல்லது. மக்னீசியத் துண்டு கைக்கு வந்தால் தண்ணீர் கலந்த எதுவும் அதன் கிட்டப் போகக் கூடாது. அதன் சுருள்கள் தண்ணீரோடு ஐதரசனை விட்டுத் தீயைப் பெருப்பிக்கும். வீட்டில் அதை வெட்டாமல் விடுவதே புத்தி.

காற்றோடு கலந்து பனிபோல் தெளிக்கும் கூலன்ட் கருவிகள் மலிவாக விற்கப்படுகின்றன. நாம் விரும்பாத ஒரு கருவி உண்டென்றால் இதுதான். மூச்சுக்குள் போகக் கூடாத அளவுத் திவலைகளை வேண்டுமென்றே செய்து தருகிறது. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் 1998இல் காற்றில் இந்தப் புகார் கன மீற்றருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. மூடிய கராஜில் அதை அளக்க எம்மிடம் கருவி இல்லை. லைட் வெளிச்சத்தில் புகார் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று கொள்ளுங்கள்.

தாங்கிதான் வேண்டும் என்பவர்களுக்கு

மில்லிங் மெஷினில் நீண்ட நேரம் உருக்கு வெட்டுபவர்களுக்குத் தாங்கி தேவைப்படலாம். அப்படியானால் அதை மீன்தொட்டியைப் போலப் பராமரிக்க நேரம் ஒதுக்க வேண்டும். கலக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மாறிச் செய்தால் தயிர்போல் திரளும். 10 லீற்றருக்கு 5 வீதம் என்றால் அரை லீற்றர் எண்ணெயும் ஒன்பதரை லீற்றர் தண்ணீரும். சரியான வீதம் பேணியில் எழுதியிருக்கும், அதுவே கணக்கு. காசை மிச்சம் பிடிக்க ஐதாக்கினால் கிருமி பெருகும், கறளும் பிடிக்கும். கண்ணளவில் கூட விட்டால் கைத்தோல் எரியும். லண்டன் குழாய்த் தண்ணீர் எங்கள் கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கடினத் தண்ணீர். அது பால்மத்தைப் பிரித்து மேலே ஆடை கட்ட வைக்கும். கார் பற்றரிக்கு விற்கும் அயன் நீக்கிய தண்ணீர் நல்லது.

சூட்டில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். எனவே போகப்போகக் கலவை தடிக்கும். குறைந்த அளவை வெறும் தண்ணீரால் நிரப்பினால், தண்ணீரிலுள்ள உப்புகளும் சேர்ந்துகொண்டே போகும். சுருளோடு ஒட்டிப்போன எண்ணெயும் ஈடுசெய்யப்படாது. 1, 2 வீத ஐதான கலவையால் நிரப்புங்கள். செறிவை அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் என்ற சிறு குழல் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு எண் தெரியும். அதை உங்கள் கூலன்டுக்குரிய பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். பலர் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறார்கள்.

அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். புதுக் கலவை பெரும்பாலும் 8.5க்கும் 9.5க்கும் இடையில் நிற்கும். வாரா வாரம் பார்த்து வரும்போது அது 8.5க்குக் கீழே இறங்கினால் கிருமிகள் அமிலம் விடத் தொடங்கிவிட்டன என்று பொருள். மணம் வருமுன்பே தாள் சொல்லிவிடும். தொழிற்சாலைகளில் கிருமியை எண்ணப் பாவிக்கும் நனைத்தெடுக்கும் தட்டுகளும் விற்பனைக்கு உண்டு. மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் தாங்கியை வெறுமையாக்கச் சொல்வார்கள்.

மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுங்கள். தேநீர்க் கோப்பையில் மிஞ்சியதை, சிகரெட் துண்டைத் தாங்கியில் போடாதீர்கள். சிரிக்க வேண்டாம், இரண்டையும் கண்டிருக்கிறோம். இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வெறுமையாக்கித் துடைத்துவிட்டுப் போவது சிறந்தது. எப்படியானாலும் 6 மாதத்துக்கு மேல் ஒரே கூலன்டை வைத்திருக்க வேண்டாம் என்பது எமது கருத்து. மாற்றும்போது பழையதை ஊற்றிவிட்டுப் புதியதை விடுவது பிரயோசனமில்லை. மூலையில் உள்ள சேறும் குழாய்க்குள் படிந்த வழுவழுப்பும் ஒரு வாரத்தில் புதியதையும் கெடுத்துவிடும். அதற்கென விற்கும் சுத்திகரிப்புத் திரவத்தைக் கலந்து சில மணித்தியாலம் ஓடவிட்டு, வெறுமையாக்கி, வழித்துத் துடைத்து, அலசிய பிறகே நிரப்ப வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, கராஜ் கதவைத் திறந்து, நைற்றில் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது சேற்றையே புகாராக்கும்.

மணத்தை அடக்க டெட்டோலையோ பிளீச்சையோ ஊற்றுவது எம்மவர் கைவைத்தியம். பிளீச், கூலன்டிலுள்ள அமின்களோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயுவை விடும், இயந்திரத்தையும் அரிக்கும்.

கையும் உடுப்பும்

தோல் சற்று அமிலத்தன்மையானது. பீ.எச். 5 அளவில் நிற்கும் தோலைப் பீ.எச். 9 திரவத்தில் அடிக்கடி நனைத்தால் அதன் இயற்கை எண்ணெய் போய்விடும். முதலில் விரலிடுக்கில் வறட்சி, பிறகு கடி, வெடிப்பு, கரப்பன். இது எரிச்சலால் வருவது, ஒதுங்கினால் ஆறும். ஒவ்வாமையால் வருவது வேறு. கூலன்டில் உள்ள ஐசோதயசோலினோன் வகைக் கிருமிநாசினிகள், போமல்டிகைட்டை விடும் நாசினிகள், வெட்டிய உலோகத்திலிருந்து கரையும் நிக்கல், கோபால்ட் என்பவற்றுக்கு உடம்பு ஒருமுறை ஒவ்வாமை கற்றுவிட்டால் மறக்காது. அதே நாசினி வீட்டுக்கு அடிக்கும் பெயின்டிலும் இருப்பதால், சுவருக்குப் பெயின்ட் அடித்தவுடன் முகம் வீங்குகிறது என்று வருவார்கள். எது காரணம் என்று அறிய முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை தோல் வைத்தியரிடம் உண்டு. தண்ணீர் கலக்காத எண்ணெய் வேறு விதமாகத் தொல்லை தரும். மயிர்த்துளைகளை அடைத்து முன்கையிலும் தொடையிலும் பரு வரும்.

சுழலும் இயந்திரத்துக்குக் கிட்டக் கையுறை போடக்கூடாது. கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கூலன்ட் கலக்கும்போதும் தாங்கி கழுவும்போதும், இயந்திரம் நின்ற நிலையில் மட்டும் கையுறை. மற்ற நேரம் தூரிகையைப் பாவித்து, கைபடுவதைக் குறையுங்கள். கையைப் பரபினாலோ கரகரப்பான பசையாலோ தேய்க்காமல், மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, ஈரம் ஒற்றி, கிறீம் பூசுங்கள். வேலைக்கு முன் பூசும் தடுப்புக் கிறீமை நம்பியிருக்க வேண்டாம். வேலை முடிந்தபின் பூசும் சாதாரண ஈரப்பதக் கிறீமே கூடப் பலன் தரும். எண்ணெய்த் துணியைக் காற்சட்டைப் பையில் வைக்காதீர்கள். எண்ணெய் ஊறிய உடுப்பைப் பேரப்பிள்ளையின் உடுப்போடு ஒன்றாகத் தோய்க்கவும் வேண்டாம். காற்றுக் குழாயால் சுருளையும் உங்கள் உடுப்பையும் ஊதித் தட்டும் பழக்கத்தையும் விட வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றை நாம் கண்டிப்பாகச் சொல்வோம். கலந்த கூலன்ட் பார்வைக்குப் பால். மிஞ்சியதைப் பால் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். யாராவது எண்ணெயையோ கூலன்டையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 111ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால், மயங்கினால் 999. பழைய கூலன்டைக் கழுவுதொட்டியிலோ மழைநீர்க் கானிலோ விடாமல், பேணியில் அடைத்துக் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஒயில் தொட்டியில் அதைச் சேர்க்கலாமா என்று அங்கு முதலில் கேட்க வேண்டும். தண்ணீர் கலந்ததைத் தனியாக வாங்குவார்கள்.

வைத்தியரிடம் எப்போது?

பட்டறையில் நின்ற அன்று இரவு காய்ச்சல், நடுக்கம், இருமல் இரண்டாவது முறையும் வந்தால். அங்கு போனால் நெஞ்சு இறுகி இழுத்தால். காரணமில்லாமல் மெலிந்து, படியேற இளைத்தால். கைக் கரப்பன் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால். தொடையிலோ விதைப்பையிலோ ஆறாத புண், மரு இருந்தால், வெட்கப்படாமல் வாருங்கள். "எனக்கு வீட்டில் லேத் இருக்கிறது, தண்ணீர் கலந்த கூலன்ட் பாவிக்கிறேன்" என்ற ஒரு வசனத்தை நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். லேத்தில் நின்ற நாட்களையும் வருத்தம் வந்த நேரங்களையும் ஒரு கலண்டரில் குறித்து வந்தால் பாதி வேலை முடிந்தது. மூச்சை ஊதி அளக்கும் சிறு கருவி தந்தால், நாளுக்கு நாலு தரம், பட்டறை நாளிலும் இல்லாத நாளிலும், மூன்று நாலு வாரம் எழுத வேண்டும். தொழிற்சாலையில் இதே வேலை செய்யும் இளையவர்களுக்கும் இது பொருந்தும், அவர்கள் தங்கள் தொழிற்சாலையின் சுகாதாரப் பிரிவிலும் சொல்ல வேண்டும்.

கூலன்ட் பேணியின் பெயர்த்துண்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வாருங்கள். பாதுகாப்புத் தரவுத்தாளை விற்றவரிடம் கேட்டால் தருவார். கூலன்டையே போத்தலில் அடைத்துக் கொண்டுவர வேண்டாம். அப்படி ஒருவர் கொண்டுவந்து, காத்திருக்கும் அறையில் மூடி திறந்து, அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் யன்னல்களைத் திறந்து வைத்தே நோயாளிகளைப் பார்த்தோம்.